தானமா, கடனா?

ஊரப்பாக்கம் போன்ற ஊர்களில் குடியிருப்பவர்களுக்குக் கடல் ஓர் ஆசை. ஜி.எஸ்.டி. ரோட்டின் புழுதியிலும் மின்சார ரயிலின் நெரிசலிலும் முப்பது வருஷம் கழித்தவர்கள், "ரிடயரானதும் கோவளம் பக்கம் ஒரு மனை வாங்கிக்கொண்டு, கடல் காற்றில் நிம்மதியாக இருக்க வேண்டும்" என்று சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது தப்பான ஆசை அல்ல. வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் சாலையில் கிழக்கே போனால், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட சிறு குடியிருப்புகளைப் பார்க்கலாம். வாசலில் மணல், ராத்திரி முழுவதும் அலையோசை. யாருக்குத்தான் ஆசை வராது?

அங்கே மனை விற்கிறவர்கள் கடலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அது எதிரிலேயே இருக்கிறது. அவர்கள் பேசுவது தண்ணீரைப் பற்றி. "இருபது அடியிலே கல்கண்டு மாதிரித் தண்ணி, சார்!" என்பார்கள். பல இடங்களில் அது உண்மையாகவும் இருந்தது. உப்புக் கடலுக்குப் பக்கத்தில் கல்கண்டுத் தண்ணீர் எப்படி வந்தது?

ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் இருக்க, நடுவில் கிடக்கும் மணல் திட்டு அது. பெய்கிற மழை மணலில் இறங்குகிறது. அடியில் இருப்பது உப்பு நீர்; அது கனமானது. மழை நீர் லேசானது. ஆகவே பாலின் மேல் ஏடு படிகிற மாதிரி, உப்பு நீரின் மேல் நல்ல நீர் மிதந்துகொண்டிருக்கிறது. கைபன் என்ற டச்சுக்காரரும், அவருக்குப் பின் 1901-ல் ஹெர்ஸ்பர்க் என்ற ஜெர்மானியரும் இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை அது உப்பு நீரை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும். ஒன்றுக்கு நாற்பது. எந்த ஈட்டிக்காரனும் இப்படி வட்டி வாங்கியதில்லை.

இந்தக் கணக்கைப் படிக்காமலே அறிந்தவர்கள் அந்தக் கரையில் இருந்தார்கள். மீனவப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மெல்ல மொண்டு குடத்தை நிரப்புவார்கள். ஏட்டை மட்டும் வழித்தெடுக்கும் வித்தை அது. ஆழத்தில் குழாய் இறக்கி மோட்டாரால் உறிஞ்சினால், குழாய்க்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பு போல எழும்பி வரும் என்று இன்றைய நிபுணர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சிபாரிசு செய்வதும், ஆழம் போகாமல் மேலாக, மெதுவாக எடு என்பதைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி, அந்தக் கரையில் வீடு கட்டியிருக்கிறார். நல்ல மனிதர். ஒருநாள் அவரோடு திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் குப்பத்திலிருந்து ஓர் அம்மாள் குடத்தோடு வந்து நின்றாள்.

"எங்க ஊத்துல தண்ணி கரிக்குதுங்க ஐயா. ரெண்டு குடம் பிடிச்சுக்கட்டுங்களா?"

"தாராளமாப் பிடிச்சுக்கோம்மா" என்றார் அவர். அந்த அம்மாள் அவரை வாழ்த்திவிட்டுப் போனாள்.

அவர் முகத்தில் பெருமை ஒன்றும் இல்லை. தண்ணீர் கொடுப்பது இயல்பு என்று நினைக்கிறவர் அவர். ஆனால் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அவர் கொடுத்தது தானமா, அல்லது கடனைத் திருப்பிக் கொடுத்ததா? அந்த ஊற்று ஏன் கரிக்கத் தொடங்கியது? ஏடு எங்கும் ஒன்றுதான். மேலே மதில் கட்டி, மனை எண் எழுதி, பட்டா வாங்கியிருக்கிறோம். மணலுக்கு அடியில் மதில் இல்லை. குடியிருப்பின் பத்து மோட்டார்கள் இறைக்கிற தண்ணீரும் அவள் ஊற்றின் தண்ணீரும் ஒரே தண்ணீர். கடலுக்கு மிக அருகில் இருப்பவருக்கே உப்பு பெரும்பாலும் முதலில் வருகிறது. குற்றம் பல கைகளில். தண்டனை மட்டும் ஓரிடத்தில்.

அவரிடமே இதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நான் ஒருத்தன் மோட்டாரை நிறுத்திவிட்டால் கடல் பின்வாங்கிவிடுமா? நான் எடுக்காவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் எடுப்பார். நிலம் என் பெயரில் இருக்கிறது, சட்டமும் என் பக்கம்" என்றார்.

சட்டம் அவர் பக்கம் இருந்தது உண்மைதான். 1843-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒரு பஞ்சாலைக்காரரின் கிணறு, பக்கத்து நிலத்தில் நிலக்கரிச் சுரங்கம் வெட்டியதால் வற்றிவிட்டது. அவரவர் நிலத்துக்கு அடியில் இருப்பது அவரவருக்கு என்று சொல்லி, நஷ்ட ஈடு கிடையாது என்று தீர்த்தார்கள். நஷ்டம் உண்டு, ஆனால் குற்றம் இல்லை என்பது அதன் சாரம். அந்த நியாயம் 1882-ம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்திலும் இடம் பெற்றது. பிறகு 1987-ல், சென்னையிலும் சுற்றுப்புறக் கிராமங்கள் பலவற்றிலும் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. பழைய நியாயம் போதவில்லை என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

நஷ்டம் உண்டு, குற்றம் இல்லை. நம் காலத்துத் துன்பங்களில் பாதியை இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். கதைகளில் வில்லன் ஒருவன் வேண்டும். ஊற்றில் அவனே விஷம் கலக்க வேண்டும். வாழ்க்கையில் அப்படி இல்லை. பத்து நல்ல மனிதர்கள், யாருக்கும் கெடுதல் நினைக்காமல், செடிக்குத் தண்ணீர் ஊற்றி, காரைக் கழுவி, குளித்து எழுந்தால் போதும். ஊற்று கரித்துவிடும். கெட்ட எண்ணம் இல்லை என்பது மனச்சாட்சிக்கு ஆறுதலாக இருக்கலாம். தண்ணீருக்கு எண்ணம் தெரியாது, அளவுதான் தெரியும்.

"நான் ஒருத்தன் நிறுத்தினால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்குப் பெரிய நகரத்தில் பதில் சொல்வது கஷ்டம். 2019 கோடையில் சென்னை வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நெம்மேலியில் கடல் நீரையே குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் தினம் 10 கோடி லிட்டர் தருவதற்கென்று நிற்கிறது. அவ்வளவு பெரிய கணக்கில் ஒரு வீட்டு வாளிக்கு இடமில்லை. ஆனால் சிறு குடியிருப்பில் நிலைமை வேறு. பத்தே வீடுகள். எல்லோருக்கும் எல்லோருடைய பெயரும் தெரியும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசினால் பத்து மோட்டாருக்கும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். சிறிய இடத்தில் வாழ்வதன் சுகம் அமைதி மட்டும் அல்ல. நம் செய்கையின் விளைவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது என்பதும்தான். அந்தச் சுகத்தை ஏற்றுக்கொண்டு அந்தப் பொறுப்பை மட்டும் வேண்டாம் என்பது எப்படி நியாயமாகும்?

கடனை அடைக்க வழி இருக்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,360 லிட்டர். மழை நீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுவதும் 2003-ல் கட்டாயமாக்கினார்கள். மணல் நிலத்தில் அது சுலபமும்கூட. முற்றத்தைச் சிமெண்டால் மூடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மோட்டாரை ஆழத்தில் இறக்காமல், நேரத்தைக் குறைத்து ஓட்டலாம். குப்பத்து ஊற்றின் ருசியை மாதம் ஒரு தடவை நாமே போய்ப் பார்க்கலாம். நம் வீட்டுக் கணக்குச் சரியாக இருக்கிறதா என்பதை அந்த ஊற்றுதான் சொல்லும்.

கேட்டவருக்குத் தண்ணீர் கொடுப்பது பெரிய தர்மம் என்று பரம்பரையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதைவிடப் பெரிய தர்மம் ஒன்று உண்டு. அவர் நம்மிடம் வந்து கேட்கும்படியான நிலைமையை உண்டாக்காமல் இருப்பது. அதற்கு வாழ்த்து கிடைக்காது. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அடுத்த வீட்டுக்காரர் என்று ஒருவரைச் சொல்ல நமக்கு உரிமை தருவது அந்தத் தர்மம்தான்.