எச்சரித்தோம் என்றால் போதுமா?

"சொன்னோம், கேட்கவில்லை!" வெள்ளம் வடிந்த பிறகு, பனி உருகிய பிறகு, பிணங்களை எண்ணி முடித்த பிறகு, ஆட்சி பீடங்களிலிருந்து எழுகின்ற குரல் பெரும்பாலும் இதுதான். முன்னரே அறிவித்தோம், அபாயம் என்று முழங்கினோம், மாண்டவர் மாண்டது அவரவர் அசட்டையால் - இப்படிக் கூறிக் கணக்கை மூடிவிடுகிறார்கள். அன்று 'விதி' என்றார்கள்; இன்று 'எச்சரித்தோம்' என்கிறார்கள். சொல் மாறிற்று, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் புத்தி மாறிற்றா? தோழர்களே, இன்று நாம் ஆராய வேண்டிய கேள்வி இது. எச்சரிக்கை, வாயால் உரைத்ததும் தீர்ந்துவிடும் கடனா? உயிர் காக்கப்படும் வரை தீராத கடமையா?

வானிலை எச்சரிக்கை, மனித குலத்தின் நெடிய வரலாற்றில் நேற்றுப் பிறந்த குழந்தை. 1859 அக்டோபரில், வேல்சின் ஆங்கிள்சி தீவுக் கரையோரம் 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல் புயலில் சிக்கிச் சிதறிற்று. 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பிரிட்டனின் வானிலைத் துறைக்கு அப்போது தலைவராக இருந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிவந்த 'பீகிள்' கப்பலைச் செலுத்தியவர் அவரே. ஆழ்ந்த மதப்பற்றுள்ளவர், டார்வினின் கொள்கையை ஏற்க மறுத்தவர். ஆயினும் புயல் வருமா என்று சொல்லவேண்டிய நேரத்தில் அவர் வேதப் புத்தகத்தைப் புரட்டவில்லை; காற்றழுத்தமானியைப் பார்த்தார், தந்திக் கம்பி கொண்டுவந்த செய்திகளைக் கூட்டிப் பார்த்தார். 1861-ல் துறைமுகக் கம்பங்களில் எச்சரிக்கைக் கூம்புகள் ஏறின.

அவருடைய கணிப்புகள் சில பலித்தன, சில பொய்த்தன. பொய்த்தபோது ஏளனம் செய்தார்கள். 1865-ல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு, இந்தக் கணிப்புகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று குழு ஒன்று கூற, எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் கடலை நம்பி வாழ்ந்தவர்கள் விடவில்லை, குரல் எழுப்பினார்கள். 1867-ல் புயல் எச்சரிக்கை மீண்டது.

குறையுள்ள அறிவைக் கொண்டு பேசலாமா என்று மேதைகள் வாதிட்டார்கள். குறையுள்ள அறிவேயாயினும் அதை எமக்கு மறைக்காதே என்று படகுக்காரன் கேட்டான். இந்த வழக்கிலே அறம் படகுக்காரன் பக்கம்! ஆரூடக்காரன், 'என் வாக்குத் தவறாது' என்பான், தவறினால் பொறுப்பேற்கமாட்டான். அறிவியலாளன், 'தவறவும் கூடும்' என்பான். ஆனால் தவறு எங்கே நேர்ந்தது என்று தேடுவான், திருத்துவான். எச்சரிக்கையின் முதல் அறம் இந்த நேர்மை.

ஆனால், நேர்மையாகச் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா?

1953 ஜனவரி 31, சனிக்கிழமை. வடகடலில் பெரும்புயல். நெதர்லாந்து, ஆரூடத்தை நம்பி அயர்ந்து கிடந்த நாடன்று. கடலைத் தடுத்து நிலம் படைத்த நாடு. அதன் வானிலை நிலையம் அன்று மாலையே நீர்மட்டம் அபாயகரமாக உயரும் என்று எச்சரித்தது. கணிப்புப் பிழைக்கவில்லை. ஆனால் வானொலி நள்ளிரவோடு ஒலிபரப்பை நிறுத்திவிட்டது! வார இறுதி, அலுவலகங்கள் அடைபட்டிருந்தன. அறிந்தவர் சிலர் விழித்திருந்தனர். அறியாத ஆயிரமாயிரம் பேர் உறங்கிக்கொண்டிருந்தனர். இருளிலே அணைகள் உடைந்தன. மாண்டவர் 1,836 பேர்.

அதே இரவு, அதே கடல், எதிர்க்கரையான இங்கிலாந்து. லிங்கன்ஷயர் கரையை மாலை ஏழு மணியளவில் வெள்ளம் தாக்கிற்று. தெற்கே தேம்ஸ் முகத்துவாரத்திலுள்ள கான்வி தீவை அது அடைந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. இடையிலே பல மணி நேரம்! வடக்கே வீடுகள் மூழ்கிய செய்தி, தெற்கே உறங்கியவர்களைத் தட்டி எழுப்பவில்லை. வெள்ளம் வந்து சேர்ந்தது. செய்தி வந்து சேரவில்லை. இங்கிலாந்தின் கரையோரத்தில் 307 பேர் மாண்டனர்.

இன்னொரு செய்தியையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் அணைகளுடைய உயரம் போதாது என்பதை யோகான் வான் வேன் என்னும் பொறியாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துரைத்திருந்தார். ஆக, மக்களுக்குச் சென்ற எச்சரிக்கை ஒன்று. ஆள்வோருக்குச் சென்ற எச்சரிக்கை மற்றொன்று. மக்கள் கேட்கவில்லை என்று குறைகூறுவோர், ஆள்வோர் கேட்டனரா என்பதையும் சொல்லவேண்டாமா?

அது பழங்கதை, இன்று கையடக்கக் கருவியிலேயே செய்தி வருகிறதே என்பீர்கள். வருகிறது! 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 254 மாவட்டங்களுக்கும் ஒருசேரப் பனிப்புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கடுங்குளிர் வருகிறது என்பது பல நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 'வீட்டுக்குள்ளேயே இருங்கள், உடலைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள்' - நல்ல அறிவுரைதான். ஆனால் மின்சாரம் நின்றுபோயிற்று! 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அற்றன. உறைபனியில் எரிவாயுக் கருவிகள் உறைந்தன, மின்நிலையங்கள் முடங்கின. பிற மாநிலங்களோடு போதிய இணைப்பின்றித் தனித்து நிற்கும் மின்கட்டமைப்பு, வெளியிலிருந்து வேண்டிய உதவியைப் பெறமுடியவில்லை. கதகதப்பாக இரு என்று சொல்லப்பட்ட மனிதன், எதைக்கொண்டு கதகதப்பாக இருப்பான்? வீட்டுக்குள் கரியை மூட்டி, அதன் நச்சுக்காற்றில் மாண்டோர் உண்டு. மாநில அரசின் கணக்குப்படியே மாண்டவர் 246 பேர். குளிரில் விறைத்து இறந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2011 பிப்ரவரியிலும் அங்கே குளிர் தாக்கிற்று, மின்நிலையங்கள் முடங்கின. குளிரைத் தாங்கும்படி அவற்றைச் செப்பனிடுக என்று நடுவண் ஆய்வறிக்கை அந்த ஆண்டே பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலே கிடந்தது. செலவு செய்ய மனம் வரவில்லை. அதைக் கட்டாயமாக்கும் சட்டம் 2021-ல், பிணங்கள் விழுந்த பிறகே பிறந்தது.

'எல்லாம் இருந்தும் பிடிவாதத்தால் சாகிறவன் இல்லையா?' என்று கேட்பார்கள். உண்டு. ஓடமுடிந்தும் ஓடாதவனுக்குப் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓடமுடியாதவன்? 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. பெருவெள்ள ஆபத்து உண்டு என்னும் முன்னறிவிப்பு சில நாட்களுக்கு முன்பே சென்றிருந்தது. சின்சிக் என்ற ஊரில், மாற்றுத்திறனாளிகள் வாழ்ந்த இல்லம் ஒன்றில் 12 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களைப் பார்த்து, 'சொன்னோம், கேட்கவில்லை' என்று எந்த நாக்கு கூறும்? அவர்களுக்குத் தேவைப்பட்டது அறிவிப்பன்று. தூக்கிச் செல்லும் கரங்கள்!

நான் ஆசிரியன். கரும்பலகையில் பாடத்தை எழுதிப்போட்டு, 'சொல்லிக்கொடுத்தாயிற்று' என்று சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. கடைசி வரிசையில் இருப்பவனுக்கு விளங்கிற்றா என்று பார்க்கவேண்டும். அவனிடம் புத்தகமே இல்லையென்றால் அதையும் கேட்டறியவேண்டும். பாடத்துக்கே இந்த முறை என்றால், உயிருக்கு?

ஆகவே எச்சரிக்கையின் அறம் மூன்று படிகள் கொண்டது. தெரிந்ததைத் தெரிந்த அளவில், ஒளிக்காமல் உரைப்பது முதற்படி. அது கடைக்கோடி மனிதனின் செவிக்கும் அறிவுக்கும் எட்டும்படி செய்வது இரண்டாம் படி. கேட்டவன் நடப்பதற்கு வழி அமைப்பது - கரை, வண்டி, தங்குமிடம், மின்சாரம், போர்வை - மூன்றாம் படி. முதற்படியில் நின்றுகொண்டு மூன்றாம் படியைக் கடந்ததாகக் கூறுவோர், தாங்கள் பிழைத்துக்கொள்ளவே எச்சரிக்கிறார்கள். மக்கள் பிழைப்பதற்கு அன்று.

மூன்று படிகளும் ஏறமுடியாதவை அல்ல. 1953-க்குப் பிறகு இங்கிலாந்து கடல்மட்ட எச்சரிக்கைக்கென்று தனி ஏற்பாடு செய்தது. தேம்ஸ் நதியில் தடுப்புக் கதவுகள் கட்டி, 1982 முதல் இயக்கியது. நெதர்லாந்து, கழிமுகங்களையே அணைகளாலும் கதவுகளாலும் காக்கும் மாபெரும் திட்டத்தைத் தீட்டி முடித்தது. 2013 டிசம்பரில் வடகடல் மீண்டும் பொங்கிற்று. இங்கிலாந்தின் சில இடங்களில் நீர்மட்டம் 1953-ஐயும் மிஞ்சிற்று. வீடுகள் நனைந்தன, ஆனால் ஆயிரக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தனர். 1953-ன் மரண ஓலம் அன்று அந்தக் கரையில் எழவில்லை. கடல் இரக்கம் கொள்ளவில்லை, தோழர்களே; மனிதன் திருந்தினான், அவ்வளவே!

எனவே, இனி எந்த நாட்டிலேனும் வெள்ளமோ பனியோ உயிர்களைக் கொண்டுபோய், 'எச்சரித்தோமே' என்று எவரேனும் ஏடு நீட்டினால், இளைஞர்களே, மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாருக்குச் சொன்னீர்? எப்போது சொன்னீர்? சொன்னபடி நடக்க அவனுக்கு என்ன கொடுத்தீர்? விடை வரும்வரை அந்தக் கணக்கை மூடவிடாதீர்கள்.