கவுன்சிலரிடம் என்ன கேட்பது?

2011-இல் பாலவாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபின், ஊராட்சி அலுவலகத்தோடு முடிந்த வேலைக்கும் கவுன்சிலர், மண்டல அலுவலகம், ரிப்பன் மாளிகை என்று படியேற வேண்டியிருக்கிறது. "எங்கள் பகுதியையும் கொஞ்சம் கவனியுங்கள்" என்ற மனு அந்தப் படிகளில் எங்காவது தங்கிவிடும். எந்தத் தெருவில், எந்த வீட்டுக்கு எதிரே தண்ணீர் நிற்கிறது, அதற்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி, போட்டோவும் இணைத்துக் கொடுத்தால் கவுன்சிலர் அங்கேயே உதவிப் பொறியாளருக்குப் போன் போடலாம். குறிப்பாகச் சொன்னால் பேச்சு தங்கிவிடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மாநகராட்சியின் கோவளம் வடிநில மழைநீர் வடிகால் திட்டத்தை எதிர்த்த ஈ.சி.ஆர். கரையோர மக்கள் சொன்ன காரணம் எவரும் சோதித்துப் பார்க்கக்கூடியது. இங்குள்ள மணல் மழைநீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், வடிகால் போட்டால் நிலத்தடியில் சேர வேண்டிய நீர் கடலுக்குப் போய்விடும். அந்த வாதம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

செல்வாக்கு இல்லாதவர் பேச்சு எடுபடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான சந்தேகம்தான். ஆனால் வார்டு குழுவும் பகுதி சபையும் 2022 முதல் தமிழக நகரங்களில் விதிப்படியே வந்துவிட்டன. பகுதி சபையில் பேசுவது வாக்காளரின் உரிமை, யாரிடமும் தயவு கேட்பதாகாது. சொன்னதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.