நாய்க்கு மட்டும் சாதிச் சான்றிதழ்

கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சாதி கிடையாது. கணவனும் மனைவியும் வேறு வேறு சாதி. பிள்ளைகளின் பள்ளிப் படிவத்தில் சாதிக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள். அந்த வீட்டுப் பூடிலுக்கு மட்டும் குலம் கோத்திரம் எல்லாம் உண்டு. "பேப்பர் உள்ள நாய் சார். அப்பன், ஆத்தா, பாட்டன், பூட்டன் வரைக்கும் போட்டிருக்கு, பாருங்க" என்று வீட்டுக்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கொடுத்தது. அடுத்து இதற்கு ஒரு ஜோடி வேண்டுமாம், அதுவும் பேப்பரோடு. "கண் பரிசோதனை பண்ணின பெட்டையா பாருங்க" என்றேன். "எதுக்கு சார்? நல்ல பரம்பரை" என்றார்.

படகேறினால் வைப்பின் தீவு. அங்கே செறாயில் 1917-இல், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட புலையரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகச் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பனைச் சொந்தச் சாதியாரே ஒதுக்கிவைத்தார்கள். 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள், அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதியைச் சாதியாக வைத்திருப்பது அகமணம்தான், அதாவது சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதுதான் என்று நிறுவினார். மனிதர்களிடையே அகமணம் எவ்வளவுதான் கட்டுக்காவலோடு நடந்தாலும் ஓட்டை விழும். ஓட்டையே இல்லாமல், பதிவேடு போட்டு அதை நடத்திக்காட்டியவர்கள் நாய் வளர்ப்போர்தான். லண்டனில் கென்னல் கிளப் 1873-இல் தொடங்கியது. அதற்கு முன் தண்ணீரில் விழுந்த வாத்தைக் கவ்விவந்தால் அது நல்ல நாய். பின்னாலோ, பெற்றோர் இருவர் பெயரும் ஏட்டில் இருந்தால்தான் நல்ல நாய்.

இந்த ஏட்டுக்கு விலை கொடுப்பது நாய். மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டிக்கொடுத்த போர்த்துகீசியரின் நாட்டில், அல்கார்வே கடற்கரையில், பூடில் போலவே தண்ணீர் வேலைக்கு வளர்த்த சுருட்டைமுடி நாயினம் ஒன்று மீனவரோடு படகில் போனது. மீனை வலைப்பக்கம் விரட்டும், நழுவிய வலையை முங்கி எடுத்துவரும், ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குச் சேதி கொண்டுபோகும். நீந்தும் கால்களில் முடி சிக்காதபடி பின்பாதியை மழித்துவிட்டு, குளிர் தாங்க மார்புமுடியை மட்டும் விடுவார்கள். (கண்காட்சி மேடையில் அழகு என்று கைதட்டு வாங்குவது இந்தத் தொழில் முடிவெட்டின் வழிவந்ததுதான்.) மீன்பிடி முறை மாறியது, நாய்க்கு வேலை போயிற்று. 1930-களில் அழியும் நிலையில் இருந்ததை வாஸ்கோ பென்சவுடே என்ற கப்பல் முதலாளி ஒருசில நாய்களை வைத்து மீட்டார். ஒபாமா வெள்ளை மாளிகையில் வளர்த்த 'போ' இந்த இனம். மீட்டது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் சில நாய்களின் ரத்தமே சுற்றிச்சுற்றி வந்ததால் நோயும் கூடவே வந்தது. துள்ளி விளையாடும் குட்டி, ஏழு மாதம் நிறைவதற்குள் இதயத் தசை தளர்ந்து விரிந்து திடீரென்று செத்துவிழும். தாய் தகப்பன் இருவரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பார்கள், இருவரும் ஒரே கெட்ட மரபணுவை ஒளித்துவைத்திருப்பார்கள். விழித்திரை தேய்ந்து பார்வை போகும் நோய் இந்த இனத்திலும் உண்டு, பூடிலிலும் உண்டு. அதற்கெல்லாம் இன்று மரபணுப் பரிசோதனை இருக்கிறது. நம் ஆள் கேட்டது பேப்பர்.

ரத்தச் சுத்தம் பேசுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் என்று சொல்லி ஒரு சாராரைச் சமமாக உட்காரவிடவில்லை. ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் நடத்தவேண்டியிருந்தது. தொழுத கடவுள் ஒன்றுதான்.

சரி, அந்தச் சுருட்டை என்னதான்? நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009-இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. சுருட்டைக்குக் காரணம் அதில் ஒன்றான கே.ஆர்.டி.71-இல் நேர்ந்த மாற்றம். அதே இதழில் 2022-இல் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து இன்னொரு ஆய்வு. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் உள்ள வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது சுமார் 9 சதவீதம்தான். 'இந்த இனம் என்றால் இப்படித்தான்' என்று கடைக்காரர் சொல்வதற்கும் ஜாதகக்காரர் சொல்வதற்கும் அதிக தூரமில்லை.

பேப்பர் வேண்டாமே என்றால், "தெருநாய் கடிக்கும், வெறிநோய் வரும்" என்பார்கள். கடிக்கும், வரும். அதற்குத் தடுப்பூசியும் கருத்தடையும் வேண்டும், பாட்டன் பெயர் வேண்டியதில்லை. பேப்பர் உள்ள நாய்க்கும் அதே ஊசிதான்.

இனத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவரவில்லை. தண்ணீரில் நாளெல்லாம் உழைக்கத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு பூடிலுடையது, உழைப்பைக் கேட்கிறது. நாம் குலத்தொழிலைப் பிடுங்கிக்கொண்டு குலப்பெயரை மட்டும் மாட்டிவிடுகிறோம். அந்தப் பூடில் மூன்றாம் மாடியில் இருக்கிறது. சாயங்காலம் பத்து நிமிடம் கயிற்றில் நடை. உதிர்ந்த முடி கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், 'முடி கொட்டாத நாய்' என்று விற்பதன் சூட்சுமம் அவ்வளவுதான். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் காதுக்குப் பின்னாலும் கால் இடுக்கிலும் அது கம்பளிபோல் திரண்டுவிடுகிறது. சீப்பு இறங்குவதில்லை, விரலால் விலக்கினால் அடியில் தோல் சிவந்து ஈரம் கசிகிறது. சோபாவின் ஒரு கையை அது பஞ்சு தெரியக் கடித்துவைத்திருக்கிறது. அடக்கம் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் வந்துபோகிறார், மாதச் சம்பளத்துக்கு. காயல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நாயை அங்கே அழைத்துப்போய் நீந்தவிட அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை.