செயலியின் சத்தியும் சித்தாந்தத்தின் அளவையும்

ஒரு பொருளின் ஆற்றல் வெளிப்படாத நேரத்திலும் அதனுள் இருப்பதாகக் கொள்ளலாமா என்பது இந்தியத் தருக்க மரபின் பழைய வழக்கு. மணியோ மந்திரமோ அருகிருந்தால் நெருப்புச் சுடாது என்ற நம்பிக்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சுடும் சத்தி என்று தனியே ஒன்று உண்டு, தடைப்பட்டது அதுவே என மீமாஞ்சகர் வாதிட, தடையின்மையையும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத சத்தி எதற்கு என்று நையாயிகர் மறுத்தனர். இவ்வழக்கை ஆர்ம் என்னும் கணினிச் செயலியைச் சான்றாக வைத்து மீண்டும் விசாரிக்கலாம்.

மூல நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்கு, எந்த வகைச் செயலிக்காக மாற்றுவது என்பதை ‘மார்ச்’ என்னும் விருப்பத்தேர்வு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆர்ம்வி8 வகையில் ஏஇஎஸ் மறையாக்கக் கட்டளைகள் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினிப் பலகையில் அவை இல்லை, பை 5இல் உண்டு. உண்டென்று நம்பி உருவாக்கிய நிரல், இல்லாத பலகையில் அக்கட்டளையை எட்டியதும் ‘செல்லாத கட்டளை’ என்ற பிழையோடு நின்றுபோகும்.

இதை எப்படி அறிவது? அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், அறிவுக்குக் கருவியான அளவைகள் பலவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறார். இனத்தைக் கொண்டு ஆற்றலை ஊகிக்கும் ‘மார்ச்’ கருதலளவை. கட்டளையை ஓட்டிப் பார்த்துப் பிழை எழுகிறதா என்று சோதிப்பது காட்சி. நிரல் ஓடத் தொடங்கியபின் லினக்ஸ் இயங்குதளத்தின் அடிநிரலான கெர்னலிடம் ‘ஹெச்டபிள்யூகேப்’ என்னும் குறிப்பைக் கேட்டுப் பெறுவது உரை. காட்சியே தலையாயது என்று தோன்றக்கூடும். ஆனால் ஒரே சில்லில் வேறுபட்ட கருக்கள் (கணிப்பு அலகுகள்) இருக்குமானால், ஒரு கருவில் கண்டது அடுத்த நொடி நிரல் வேறு கருவுக்கு மாற்றப்பட்டதும் பொய்யாகலாம். எல்லாக் கருக்களையும் அறிந்து, அவற்றுக்குப் பொதுவானதை மட்டும் சொல்லும் கெர்னலின் உரையே இங்கு நம்பத்தக்கது.

எனினும் கெர்னல் சொல்வது எது உண்டு என்பதையன்று, எதற்கு இசைவு உண்டு என்பதையே. சி-டாக் நிறுவனத்தின் ‘ஔம்’ செயலித் திட்டம் தேர்ந்துகொண்ட நியோவெர்ஸ் வி1 கருவில் எஸ்விஇ என்னும் அகன்ற கணிப்பு வசதி உண்டு; லினக்ஸைத் துவக்கும்போது ஒரு குறிச்சொல்லைக் கொடுத்து அவ்வசதியை முடக்கிவிட்டால், சிலிக்கான் மாறாமலே ஆற்றல் மறைந்துவிடும். நெருப்பருகே வைத்த மணி இதுதான். நிரலாளரின் அன்றாடத் தேவைக்கு நையாயிகர் விடையே போதும், ஏனெனில் இப்போது இயங்குமா என்பதற்கு அப்பால் அவருக்குக் கவலையில்லை. ஆயினும் குறிச்சொல்லை நீக்கி மீண்டும் துவக்கினால் அதே சில்லு அக்கட்டளையை ஏற்பதால், மறைந்திருந்தது ஏதோ ஒன்று என்ற மீமாஞ்சகர் வாதமும் எளிதில் வீழ்வதில்லை.

ஆணவ மலம் மறைத்ததால் உயிரின் அறிவாற்றல் விளங்கவில்லை, மலம் பக்குவப்பட்டால் விளங்கும் என்னும் சித்தாந்தக் கொள்கைக்கு முடக்கப்பட்ட எஸ்விஇ நல்ல உவமைதான். பை 4 அவ்வாறன்று. எந்தத் தடையை நீக்கினாலும் அதில் மறையாக்கக் கட்டளை தோன்றாது, அப்படி ஆற்றலே இல்லாத உயிர் என ஒன்றைச் சித்தாந்தம் ஒப்புவதுமில்லை.