ஊரைத் தேர்ந்தெடுத்தல்

ஊர் என்ற சொல் நம்மிடையே வழங்குவது ஒரு அனுமானத்தின் மேல். தாய்மொழியைப் போல, தோலின் நிறத்தைப் போல, ஊர் முன்பே இருக்கிறது. நாம் பின்னால் வந்து சேர்கிறோம். 'எந்த ஊர்?' என்று கேட்பவர் நம்முடைய தீர்மானத்தைக் கேட்கவில்லை. நமக்கு நேர்ந்ததைக் கேட்கிறார். ஆகவே 'ஊரைத் தேர்ந்தெடுப்பது' என்ற பிரயோகத்திலேயே ஒரு முரண் இருக்கிறது. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல ஓர் ஊரைப் பொறுக்க முடியுமானால், கையில் வந்தது ஊர்தானா?

கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வரவில்லை. நான் வேலை பார்க்கும் நிறுவனம் என்னை அமெரிக்காவின் மேற்கே, வயோமிங் மாநிலத்தின் தென்மேற்கு மூலைக்கு மாற்றியது. அங்கே நிலத்தடியில் ட்ரோனா என்ற கனிமம் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த பெரிய ஏரியொன்றின் எச்சம் அது. 1938இல் எண்ணெய்க்காகத் துளையிட்டவர்கள் தற்செயலாகக் கண்டார்கள். இன்று அதிலிருந்து எடுக்கும் சோடா சாம்பல் கண்ணாடித் தொழிலுக்குப் போகிறது. சுரங்கங்களுக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் மூன்று ஊர்கள். 2020 கணக்கெடுப்பின்படி ராக் ஸ்பிரிங்ஸில் சுமார் 23,500 பேர், கிரீன் ரிவரில் 11,800, கெம்மரரில் 2,400. மூன்றில் எது வேண்டுமோ அதில் குடியேறலாம். இதற்குச் சுதந்திரம் என்று பெயர்.

வேலை மாறுவது எனக்கு. ஆனால் கணவரும் 9 வயது மகளும் கூட வருகிறார்கள். நான் ஒரு பட்டியல் போட்டேன். வாடகை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, பனிக்காலத்தில் 80ஆம் எண் நெடுஞ்சாலை மூடப்பட்டால் வீடு திரும்ப முடியுமா என்பது, அரிசி பருப்பு எங்கே கிடைக்கும் என்பது. பட்டியலைப் பார்த்த கணவர் ஒன்றுதான் சொன்னார்: "நீ வீடு தேடறே. அவளுக்கு அதுதான் ஊரா ஆகப் போறது."

இந்த வாக்கியத்திலிருந்து என்னால் எளிதில் விலகிவர முடியவில்லை. என்னுடைய தேர்வு மகளுக்குத் தேர்வாகப் போய்ச் சேராது. அது அவளுக்கு நேர்ந்ததாக ஆகும். இருபது வருடங்களுக்குப் பிறகு யாராவது எந்த ஊர் என்று கேட்டால், ஒரு மாத அவகாசத்தில் நான் மேஜையில் உட்கார்ந்து கூட்டிக் கழித்த கணக்கின் விடையை அவள் தன் பிறவி அடையாளம் போலச் சொல்லுவாள்.

தேர்வைப் பற்றி இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் பேசியவர்கள் பெரும்பாலும் தனி மனிதனை வைத்தே பேசினார்கள். சார்த்தர் 1945இல் பாரிஸில் நிகழ்த்திய உரையில் ஒரு மாணவனின் உதாரணத்தைச் சொல்கிறார். மூத்த மகனைப் போரில் பறிகொடுத்துவிட்டு இவனையே நம்பியிருக்கும் தாயுடன் இருப்பதா, அல்லது இங்கிலாந்து போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா? எந்தத் தத்துவமும் அவனுக்காகத் தீர்மானிக்க முடியாது, அவன் சுதந்திரமானவன், அவனே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சார்த்தரின் முடிவு. உதாரணம் பிரசித்தமானது. ஆனால் அந்தத் தாய் அதில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மகன் எப்படித் தீர்மானித்தாலும் அது அவளுடைய வாழ்வைத் தீர்மானிக்கிறது. அவளோ அவனுடைய இக்கட்டின் ஒரு பக்கமாக மட்டும் நிற்கிறாள். குடும்பம் என்ற ஸ்தாபனத்துக்குள் எடுக்கப்படும் தீர்மானங்கள் எல்லாவற்றிலும் இந்தத் தாய் இருக்கிறாள். எங்கள் வீட்டில் அந்த ஸ்தானம் என் மகளுடையது. அவளைக் கேட்கலாம், கேட்டோம். ஆனால் தான் அறியாத மூன்று இடங்களைப் பற்றி ஒரு குழந்தையிடம் கருத்துக் கேட்பது, பொறுப்பில் ஒரு பங்கை அவள் தலையில் இறக்கி வைக்கும் தந்திரமாகவும் இருக்கக்கூடும்.

பட்டியலை ஒதுக்கிவிட்டு ஊர்களைப் பார்க்கத் தொடங்கியபோது வேறொன்று தெரிந்தது. இந்த ஊர்களையும் யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 1862, 1864ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, தண்டவாளத்தின் இருபுறமும் 20 மைல் வரை, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல்கள் யூனியன் பசிபிக் ரயில்வேக்கு வழங்கப்பட்டன. வரைபடத்தில் அந்த நிலம் சதுரங்கப் பலகை போல இருக்கிறது. ராக் ஸ்பிரிங்ஸ் உண்டானது எஞ்சினுக்கு நிலக்கரி அங்கே கிடைத்ததால். 1868இல் தண்டவாளம் இவ்வழியே வந்தது. அதே ஆண்டில் இதே மூலையில் உள்ள ஃபோர்ட் பிரிட்ஜரில் கிழக்கு ஷோஷோனி மக்களோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, வடக்கே விண்ட் ரிவர் பகுதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதற்கு முன் இது யாருடைய ஊர் என்ற கேள்விக்குப் பட்டியலில் இடமில்லை.

பிறகு 1885. யூனியன் பசிபிக் 1875இல் வேலைநிறுத்தத்தை முறிப்பதற்காகச் சீனத் தொழிலாளர்களை ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்கங்களுக்குக் கொண்டுவந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1885 செப்டம்பர் 2ஆம் தேதி, வெள்ளைத் தொழிலாளர்கள் அவர்களைத் தாக்கி 28 பேரைக் கொன்றார்கள், குடியிருப்பைக் கொளுத்தினார்கள். தப்பியவர்கள் மலைகளுக்குள் ஓடினார்கள். ஒரு வாரத்துக்குப் பின் அவர்களை ரயிலில் ஏற்றினார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறோம் என்று நம்பி ஏறியவர்கள், கதவு திறந்தபோது ராக் ஸ்பிரிங்ஸில் இருந்தார்கள். ராணுவக் காவலோடு மறுபடி சுரங்க வேலை. கைதான 16 பேரில் ஒருவர் மீதும் குற்றச்சாட்டுப் பதிவாகவில்லை.

வேலை நிமித்தம் ஓர் ஊருக்கு இடம்பெயர்வது என்பதன் இன்னொரு கோடி இது. அவர்களையும் ஒரு நிறுவனம்தான் அங்கே அனுப்பிற்று. அவர்களுக்கு மூன்று ஊர்கள் காட்டப்படவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பின் ராக் ஸ்பிரிங்ஸை எப்படி எடை போடுவது? இரண்டு பதில்கள் சுலபமானவை. 'எப்போதோ நடந்தது, இப்போது அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று பார்' என்பது ஒன்று. 'ரத்தம் சிந்திய மண், நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அது ஆகாது' என்பது மற்றது. இரண்டுமே கடந்த காலத்தைப் பட்டியலில் ஒரு வரியாக ஆக்குகின்றன. ஒன்று அடித்துவிடுகிறது, மற்றது கழித்தல் குறி போடுகிறது. கிரீன் ரிவருக்கோ கெம்மரருக்கோ போய்விட்டால் கைகள் சுத்தமாகிவிடுமா? ஷோஷோனிகளிடமிருந்து போன நிலம் மூன்று ஊர்களுக்கும் அடியில் இருக்கிறது. களங்கமில்லாத ஊரைத் தேடுகிறவன் கடைசியில், தனக்குத் தெரியவராத ஊரைத்தான் கண்டுபிடிப்பான்.

அமெரிக்க மேற்கைப் பற்றி எழுதிய வாலஸ் ஸ்டெக்னர் அங்கு வந்தவர்களை இரண்டாகப் பிரித்தார். அள்ளிக்கொண்டு போக வந்தவர்கள், ஒட்டிக்கொண்டு இருக்க வந்தவர்கள். அவருடைய தந்தையே முதல் ரகம். அதிர்ஷ்டத்தைத் துரத்திக் குடும்பத்தை ஊர் ஊராக இழுத்துச் சென்றவர். அந்த அனுபவத்திலிருந்து வந்தது 1943இல் வெளியான அவருடைய பெரிய நாவல். அவரது அனுதாபம் ஒட்டிக்கொண்டவர்கள் பக்கம் என்பது இயற்கை. அந்தப் பிரதேசத்தின் சரித்திரமும் அவருக்குச் சாட்சி சொல்கிறது. ராக் ஸ்பிரிங்ஸ் இருக்கும் ஸ்வீட்வாட்டர் கவுண்டியில் 1970இல் 18 ஆயிரம் பேர். அனல்மின் நிலையமும் சுரங்கங்களும் வந்ததில் 1980இல் 41 ஆயிரம். அப்படி வந்தவர்கள் அப்படியே போகவும் செய்வார்கள். ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைச் சங்கிலி 1902இல் கெம்மரரில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கியது. 1909இல் அதன் தலைமையிடம் சால்ட் லேக் சிட்டிக்கும், 1914இல் நியூயார்க்குக்கும் போய்விட்டது.

ஆனால் ஸ்டெக்னரின் பிரிவினையில் ஓர் இடைவெளி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1885இல் துப்பாக்கி எடுத்தவர்களும் ஒட்டிக்கொண்டவர்கள்தாம். ஊர் தங்களுடையது என்று அவர்கள் நம்பினார்கள். அவர்களிலேயே பலர் ஐரோப்பாவிலிருந்து கொஞ்ச காலம் முன்பு வந்து சேர்ந்தவர்கள். ஓர் இடத்தில் தங்கிவிட்டதனால் மட்டும் ஒருவனுக்கு அறம் வந்துவிடுவதில்லை. 'நம்ம ஊர்' என்பது பாசத்தின் சொல்லாக இருக்கும்போதே அடுத்தவனை வெளியேற்றும் சொல்லாகவும் இருந்திருக்கிறது. இது வயோமிங்குக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை என்பதை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தேர்ந்தெடுத்து வருகிறவனுடைய தார்மீகப் பிரச்னை எங்கே இருக்கிறது? அவனிடம் இன்னொரு பட்டியல் இருக்கிறது என்பதில் இருக்கிறது. நிலக்கரி முடியும், ட்ரோனாவின் விலை விழும், எனக்கு வேறு மூன்று ஊர்களின் பெயர்கள் அனுப்பப்படும். கெம்மரர் பக்கத்தில் 2024 ஜூனில் ஒரு புதிய வகை அணுஉலைக்கான கட்டுமான வேலை தொடங்கியது. அது வெற்றியானாலும் தோல்வியானாலும் பலனை அனுபவிக்கப்போவது, வேறு எங்கும் போக இயலாத அந்த ஊர்க்காரன். வெளியேறும் கதவு திறந்திருப்பவனும் திறந்திராதவனும் ஒரே தெருவில் வசிக்கலாம். ஒரே ஊரில் வசிப்பதாகச் சொல்ல முடியாது. பள்ளிக்கூட வரியைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ ஊர்க் கூட்டம் நடக்கும்போது, கதவு திறந்திருப்பவனுடைய மௌனம் நாகரிகமாகத் தெரியும். உண்மையில் அது வாடகைக்காரனின் அலட்சியம்.

இதிலிருந்து நான் பெறுவது ஒன்றுதான். ஊரைத் தேர்ந்தெடுப்பது என்ற காரியம் போவதற்கு முன் முடிவதில்லை. அப்போது நடப்பது வெறும் வடிகட்டல். ஓர் ஊரின் கடன்களில், அதாவது அது கொடுக்க வேண்டியதிலும் அது மறக்க விரும்புவதிலும், ஒரு பங்கை என்னுடையது என்று ஏற்கும்போதுதான் நான் அதைத் தேர்ந்தெடுத்தவள் ஆகிறேன். கதவு திறந்திருப்பதை என்னால் மாற்ற முடியாது. அதைப் பார்த்துக்கொண்டே வாழாமல் இருக்க முடியும்.

நாங்கள் ராக் ஸ்பிரிங்ஸ் என்று முடிவு செய்தோம். மருத்துவமனையும் பள்ளியும் அதற்குக் காரணங்கள். அவற்றை மறைப்பதில் அர்த்தமில்லை. 1885ஐ மகளுக்கு யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. கணவர் இன்னும் சில வருடம் போகட்டும் என்கிறார். ஊரை அவள் நேசிக்கத் தொடங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. தெரிந்த பிறகும் நேசித்தால், அப்போது அது அவளுடைய தேர்வாக இருக்கும்.