இரு பஞ்சாங்கங்களும் ஒரு சங்கற்பமும்

தஞ்சைச் சீமையில் தகப்பனாருக்குச் சிராத்தம் செய்ய உட்காரும் ஒருவர், பவித்திரத்தை விரலில் தரித்து, பிராணாயாமம் செய்து, வருஷம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என்று காலத்தை அங்கம் அங்கமாக உச்சரித்துச் சங்கற்பம் செய்துகொள்கிறார். அப்படி அவர் உச்சரித்த திதி சற்று முன்பே முடிந்துவிட்டது என்று வேறொரு பஞ்சாங்கம் சொல்லுமானால், அந்தச் சங்கற்பம் பொய்யாகுமா, அதன்மேல் நின்ற கர்மா வீணாகுமா என்ற கேள்வி காவிரிக்கரை வீடுகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. மனப்பாட வாக்கியங்களில் பொதிந்த பழைய வாக்கியம் என்றும், ஆகாயத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதம் என்றும் இரண்டு கணிதங்கள் ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டுச் சுவரில், அருகருகே தொங்குவதே இதற்குக் காரணம்.

அண்மைக்காலத்தில் இந்தப் பேதம் எல்லோர் கண்ணிலும் பட்டது திருநள்ளாற்றில்தான். திருக்கணிதப்படி சனி பகவான் 2025 மார்ச் 29ஆம் தேதி மீனராசியில் பிரவேசித்தார்; ஆனால் தர்ப்பாரண்யேசுவரர் ஆலயம் தொன்றுதொட்டு வாக்கியத்தை அனுசரிப்பதால் அன்று சனிப்பெயர்ச்சி விழா இல்லை என்றும், அது 2026ஆம் ஆண்டில்தான் என்றும் ஆலய நிர்வாகம் அறிவித்தது. ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் மந்த கிரகமாகையால், கணக்கில் சில பாகை பிசகினாலும் பெயர்ச்சி மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது.

வாக்கியக் கணிதத்தைப் பழசு என்று ஒதுக்குவோர் அதன் அமைப்பை ஒருமுறையாவது பார்க்கவேண்டும். 248 நாளில் சந்திரனுடைய வேக மாறுபாட்டுச் சுற்று ஏறக்குறைய ஒன்பது முறை முடிவதைக் கண்டறிந்து, நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களில் அதன் நிலைகளைப் பொதிந்து, எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறையில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இம்முறையை விவரிக்கும் ‘வாக்கியகரணம்’ சுமார் 1300ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டில் எழுந்த நூல். புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, ஏட்டையும் எழுதுகோலையும் தொடாமல், மனத்திலிருந்த வாக்கியங்களைக்கொண்டே 1825ஆம் ஆண்டுச் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஆங்கிலேயர் படையில் பணியாற்றிய ஜான் வாரன் என்ற அதிகாரி தம் ‘காலசங்கலித’ நூலில் பதிந்துவைத்தார். கிரகணத் தொடக்கத்தில் நேர்ந்த பிழை நாலு நிமிஷம். முடிவிலோ 52 நிமிஷம். அந்த நாலு நிமிஷம் எனக்குப் பெருமை தருகிறது. 52 நிமிஷத்தை மறைக்கவும் எனக்கு மனமில்லை. சந்திரனின் கதியில் உள்ள உட்சிறு பேதங்கள் பலவற்றை அக்கணிதம் கொள்ளவில்லை. நூற்றாண்டுகள் செல்லச்செல்ல கிரகங்களின் மூல எண்களும் ஆகாயத்தைவிட்டு விலகின.

நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். கேரளத்தில் கி.பி. 683இல் ஹரிதத்தர் பரஹித கணிதத்தை ஏற்படுத்தினார். பின்னர் பரமேசுவரர் பல ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துச் சோதித்து 1431இல் திருக்கணிதத்தை வகுத்தார். அப்படியிருந்தும் பரஹிதத்தை ஒருவரும் எரித்துவிடவில்லை. முகூர்த்தங்களுக்குப் பழையதையும் ஜாதகத்துக்குப் புதியதையும் கொண்டு இரண்டையும் உடன்வைத்தே நடத்தினார்கள். நம் பக்கத்திலும் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் பலர் கிரகணத்துக்கு மட்டும் திருக்கணித நேரத்தையே அச்சிடுவது இந்த விவேகத்தின் தொடர்ச்சிதான்.

இதே நிலைமை கணினி உலகத்திலும் நேர்ந்திருக்கிறது. பைத்தான் என்னும் நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கு 2020 ஜனவரி முதல் தேதியோடு ஆதரவு நின்றது. இடைப்பட்ட பதினோராண்டும், அதற்கப்பாலும்கூட, ஒரே இயந்திரத்தில் இரண்டும் நிறுவப்பட்டிருந்தன. கறுப்புத் திரையில் ‘பைத்தான்’ என்று தட்டெழுதினால் எது எழுந்து வரும்? பெயர் ஒன்றாயினும் அது சுட்டும் பதிப்பை மாற்றிக்கொள்ளலாம். அதற்கென்றே பதிப்பு மேலாளர் என்ற கருவிகள் உண்டு. வேலைக்குரிய கோப்புறையில் ஒரு சிறு கோப்பில் பதிப்பின் எண்ணை எழுதிவைத்துவிட்டால், தஞ்சாவூரில் ஒருவரும் சிங்கப்பூரில் ஒருவரும் அந்த வேலையைத் தொடும்போது அதே பதிப்பே இருவருக்கும் வாய்க்கிறது. விளைவைக் கண்டபிறகு பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை, தொடங்குமுன்பே அறிவித்துவிடுகிறார்கள். இந்த நேர்மைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனெனில் நம்மிடையே நடப்பது பெரும்பாலும் இதற்கு மாறானது. மகரராசிக்காரர் தமக்கு ஏழரைச்சனி 2025 மார்ச்சிலேயே விட்டதென்று திருக்கணிதத்தைப் பிடித்துக்கொண்டார். மேஷராசிக்காரர் தமக்கு அது அப்போது இன்னும் பிடிக்கவில்லையென்று வாக்கியத்தைச் சரணடைந்தார். இருவரும் சாஸ்திரத்தை நம்புவதாகச் சொல்லிக்கொண்டாலும், அவரவர் நம்பியது தம் ஆசையையே.

மீமாம்சகர்கள் ஏற்கெனவே இருக்கும் பொருளையும் இனிச் செய்யவேண்டிய காரியத்தையும் பிரித்துப் பேசினார்கள். முன்னது பிரத்யட்சம் முதலிய பிரமாணங்களுக்கு எட்டும், பின்னதையே விதி சொல்லவேண்டும். சங்கற்பத்திலும் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன. சந்திரன் சூரியனைவிட்டு இத்தனையாவது பன்னிரண்டு பாகையில் நிற்கிறது என்பது இருப்பதைப் பற்றிய கூற்று. அதில் ஆகாயமே நீதிபதி, எந்தப் பரம்பரையும் அதை எதிர்த்து வழக்காட முடியாது. ‘இன்று இதைச் செய்கிறேன்’ என்பதோ விரதம்; அதன் சத்தியம் செய்கிறவனுடைய உறுதியிலும், அவனோடு கூடிச் செய்கிற குலத்தின் ஒருமையிலும் இருக்கிறது. ஆதலால் வாக்கியப்படி நடந்த சிராத்தம் வீணாகாது. ஆனால் வாக்கியம் சொன்னதாலேயே 2025 மார்ச்சுக்குப் பின்னும் சனி கும்பத்தில் நின்றார் என்று வாதிப்பது தவறு. திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் லட்சோபலட்சம் ஜனங்கள் ஒரே நாளில் நீராடுவதற்கு அந்த நாளை ஊர் ஏற்றுக்கொண்டால் போதும். கிரகணம் பிடிக்கும் நேரத்தை ஊர் கூடித் தீர்மானிக்க இயலாது.

பழையதை அழிப்பதற்கும் நான் சம்மதியேன். தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகத்தின் சோதிட ஏடுகளைப்போல வாக்கியமும் காக்கப்படவேண்டும். அதைச் சோழி பரப்பிக் கணிக்கத் தெரிந்தவர்கள் எஞ்சியிருந்தால், அவர்களிடம் இளைஞர் நாலுபேர் உட்கார்ந்து கற்கவேண்டும். கற்கிறவர்கள் அதன் காலத்தையும் பிழையளவையும் சேர்த்தே கற்கட்டும்.

கோயில் அழைப்பிதழ் அச்சிடும் தர்மகர்த்தாக்களுக்கும், வீட்டுக்கு நாள் பார்த்துத் தரும் சாஸ்திரிகளுக்கும் என் விண்ணப்பம் சிறியது: குறித்துத் தரும் நாளின் பக்கத்தில் ‘வாக்கியப்படி’ அல்லது ‘திருக்கணிதப்படி’ என்ற ஒரு சொல்லை முன்கூட்டியே எழுதுங்கள், தொடங்கிய கர்மா முடியும்வரை அதை மாற்றாதீர்கள். திருநள்ளாற்று நிர்வாகம் 2025இல் செய்தது அதுதான்.