கோத்த மணி, வாங்கிய மணி

சியோல் நகரின் நடுவில் ஜோக்யேசா கோயில். அதன் வாசலை ஒட்டிய தெருவில் வரிசையாகப் பூஜைச் சாமான் கடைகள். துறவிகள் உடுத்தும் சாம்பல் நிற அங்கிகள், ஊதுவத்திக் கட்டுகள், உள்ளே குடைந்து கோலால் தட்டுகிற மொக்தக் என்ற மரத்தாளம், கண்ணாடிப் பெட்டி நிறைய ஜபமாலைகள். என் மகள் ஒரு மாலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை வாங்கிக்கோம்மா. ஆச்சி மாலைக்குப் பதிலா இருக்கட்டும்."

சந்தன நிறத்தில் நூற்றெட்டு மர மணிகள். வழவழவென்று இருந்தது. நான் விரலால் ஒரு மணியைக்கூடத் தள்ளிப் பார்க்காமல் கீழே வைத்துவிட்டேன். அவள் முகம் வாடியது. பாவம், நல்ல மனதோடுதான் கேட்டாள்.

என் அம்மாவின் உருத்திராட்ச மாலை தொலைந்து நான்கு வருஷம் ஆகிறது. தாத்தா காசிக்குப் போய்வந்தபோது அவளுக்குக் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்முன் கழற்றச் சொன்னார்கள்; யாரோ ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த உறையை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மாலையைப் பற்றிச் சொன்னால், "பொருள்தானே, மனசுல இருந்தா போதாதா?" என்றார்கள். அதே ஆட்கள்தான் மார்கழி மாதம் விடிவதற்குமுன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள். மனசில் இருந்தால் போதும் என்றால் அந்தக் கல்லும் தீபமும் எதற்கு? ஒரு பொருளில் புனிதம் என்று ஏதாவது உண்டா, உண்டென்றால் அது எங்கே தங்குகிறது? இந்தக் கேள்வியோடுதான் நான் மகள் வீட்டுக்கு, கொரியாவுக்கு, விமானம் ஏறினேன். ஊர் பார்க்கப் போன இடத்தில் ஒவ்வொரு கட்டடமும் அதையே திருப்பி என்னிடம் கேட்கும் என்று நினைக்கவில்லை.

க்யோங்பொக்குங் அரண்மனையைப் பாருங்கள். 1395இல் கட்டியது, 1592 ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து, ஏறத்தாழ இருநூற்று எழுபது ஆண்டுகள் வெறும் மண்ணாகக் கிடந்து, 1867இல் மறுபடி எழுந்தது. பிறகு ஜப்பானிய ஆட்சி அதில் பெரும்பகுதியை இடித்து, முன்புறத்திலேயே தன் தலைமைச் செயலகத்தைக் கட்டியது. 1990களில் அந்தச் செயலகத்தை இடித்துவிட்டு, இன்றுவரை அரண்மனையைக் கட்டடம் கட்டடமாக மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாடகைக்கு ஹன்போக் எடுத்து உடுத்திக்கொண்டு பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த உடையில் போனால் நுழைவுக் கட்டணம் கிடையாது. "இதெல்லாம் புதுசு, ஆச்சி. ஒரிஜினல் இல்லை" என்றான் பேரன். பத்து வயது.

நம்தேமுன் சந்தைக்குப் போகிற வழியில் சுங்னேமுன் வாசல் நிற்கிறது. 1398இல் கட்டியது. 2008 பிப்ரவரியில் ஓர் ஆள் தீ வைத்துவிட்டான். கல் வளைவு நின்றது. மேலேயிருந்த மரக் கட்டுமானம் பெரும்பாலும் போயிற்று. கருகிய வாசல்முன் ஜனங்கள் பூ வைத்து அழுதார்கள். பழைய முறைப்படியே கல் கொத்தி, ஓடு சுட்டு, 2013இல் திறந்தார்கள். சில மாதங்களிலேயே புதிய வர்ணம் உரிய ஆரம்பித்தது என்று மகள் சொன்னாள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பூ வைத்தவர்களிடம் போய் "வாசல்தானே" என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

அந்த ஜோக்யேசாவின் பெரிய மண்டபமே வேறொரு மதத்தார் தங்களுக்கென்று தெற்கே ஜோங்குப் என்ற ஊரில் கட்டிக்கொண்டது. 1930களில் அதைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே எழுப்பினார்கள். இன்று கொரிய பௌத்தத்தின் பெரிய பிரிவுக்கு அதுதான் தலைமைக் கோயில். முற்றத்தில் பல நூறு வயதான மரம் ஒன்று நிற்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்திருந்த கிழவிகளுக்கு மண்டபம் எங்கிருந்து வந்தது என்ற யோசனையே இல்லை, மணி உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

புக்சோன் பகுதியின் பழைய ஓட்டு வீடுகளையும் பார்த்தோம். ஜனங்கள் குடியிருக்கிற தெரு அது. மாலை ஐந்து மணிக்குமேல் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே சில சந்துகளில் இப்போது தடை. அது நல்லது என்றே எனக்குப் பட்டது. அடுத்தவர் வீட்டு வாசலை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

கோயிலில் தங்கலாம் என்பது மகளின் யோசனை. 2002இல் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, வருகிறவர்களுக்கு விடுதி போதாது என்று முப்பத்து மூன்று கோயில்கள் தங்கள் அறைகளைத் திறந்துவிட்டன. அன்று தொடங்கியது இன்று நாடு முழுக்க நடக்கிறது. முன்பதிவு செய்து, பணம் கட்டி, ஒன்றிரண்டு நாள் தங்கலாம். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் தவம் என்ன தவம் என்று எனக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் ஹேஇன்சா என்ற பெயரைச் சொன்னதும் சரி என்றேன். பௌத்த மறைநூல் தொகுதியான திரிபிடகத்தை மரப்பலகைகளில் வைத்துக் காக்கும் கோயில் அது. தேகு நகர் வரை ரயில், அங்கிருந்து மலைப்பாதையில் பஸ். மலையின் பெயர் கயா. புத்தர் ஞானம் பெற்ற புத்த கயாதான் என் நினைவுக்கு வந்தது.

அறையில் கட்டில் இல்லை. ஓந்தோல் என்கிற சூடேற்றிய தரையில் மெல்லிய மெத்தை. மாற்றிக்கொள்ளத் தொளதொளவென்று ஓர் உடுப்பு. சாப்பாட்டில் மீன், இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. சியோலில் பத்து நாளாக எந்தக் கடையில் கேட்டாலும் குழம்பில் நெத்திலிக் கருவாடு இருந்தது. இங்கேதான் நான் பயமில்லாமல் கை வைத்தேன்.

ஒருவேளைச் சாப்பாடு கிண்ண முறையில். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நான்கு கிண்ணங்கள்: சோறு, சாறு, காய், தண்ணீர். கடைசியில் மிச்சம் வைத்த ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாயைக் குச்சியில் பிடித்து, சூடான தண்ணீர் விட்டு, கிண்ணத்தை அந்தத் துண்டாலேயே துடைத்து, துண்டைத் தின்று, தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். பிறகு சுத்தமான தண்ணீரில் அலம்பி அதை ஒரு வாளியில் ஊற்றுகிறார்கள். அது பசித்த ஆவிகளுக்கு. அவற்றின் தொண்டை ஊசித்துளை அளவாம். வாளித் தண்ணீரில் ஒரு மிளகாய்ப் பொடித் துணுக்கு மிதந்தாலும் தொண்டையை எரித்துவிடுமாம். என் பேரன் வாளிக்குள் குனிந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுப்பினார்கள். முரசு, மேக வடிவில் வார்த்த வெண்கலத் தட்டு, மர மீன், பெரிய மணி. தரையில் நடப்பவை, காற்றில் பறப்பவை, நீரில் வாழ்பவை, நரகத்தில் தவிப்பவை எல்லாவற்றுக்கும் கேட்கவேண்டும் என்றுதான் நான்கு ஒலி. அதன்பிறகு நூற்றெட்டு வணக்கம். ஒவ்வொருவர் முன்னும் ஒரு கிண்ணத்தில் மர மணிகள், ஒரு நூல். ஒருமுறை விழுந்து வணங்கி, மண்டியிட்டபடியே ஒரு மணி கோக்க வேண்டும். துறவி பிளந்த மூங்கில் கழியை உள்ளங்கையில் 'சட்' என்று தட்டுவார், அடுத்த வணக்கம். முழங்கால் இரண்டு, முழங்கை இரண்டு, நெற்றி ஒன்று என ஐந்தும் தரையில் படவேண்டும். நம் பெண்கள் செய்கிற பஞ்சாங்க நமஸ்காரம் இதற்கு நெருங்கிய உறவு. உடம்புக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் அறுபத்து மூன்று வயது முழங்காலுக்கு நூற்றெட்டு தெரியவில்லை. எழுபத்து இரண்டு வரை எழுந்து விழுந்தேன். அதற்குமேல் உட்கார்ந்தபடியே தலையை மட்டும் தரைக்குக் கொண்டுபோனேன். நூல்நுனி பிரிந்து பிரிந்து போனது. எச்சில் தொட்டு முறுக்கினேன், அம்மா பூ கட்டும்போது செய்வதுபோல. கடைசியாக ஒரு பெரிய மணி. அதையும் கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மாலை பார்வைக்கு அந்தக் கடையில் பார்த்தது போலவேதான் இருந்தது.

பிறகு பலகைகளைப் பார்க்கப் போனோம். பிரதான மண்டபத்துக்கும் பின்னால், செங்குத்தான படிகளுக்குமேல், இரண்டு நீளமான கட்டடங்கள். சன்னல்களில் மரச்சட்டங்கள் மட்டும், கண்ணாடி இல்லை. தெற்குச் சுவரில் கீழ்ச் சன்னல் பெரிது, மேலே சிறிது. வடக்கில் நேர்மாறு. காற்று உள்ளே வந்து சுழன்று வெளியேற வேண்டும் என்பதற்காக அப்படி. தரைக்கடியில் கரி, சுண்ணாம்பு, உப்பு. பதினைந்தாம் நூற்றாண்டு அறிவு அது. சட்டங்களின் இடைவெளியில் முகம் வைத்துப் பார்த்தால் தட்டுத்தட்டாகப் பலகைகள், புத்தகம்போல் செருகி. 81,258 என்பது பழகிய கணக்கு. ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்குமேல் எடை; இரு பக்கமும் எழுத்து; ஒரு பக்கத்தில் 23 வரி, வரிக்கு 14 எழுத்து. மழை ஓய்ந்த மரத்தின் வாசம் வந்தது.

முதலில் செதுக்கிய தொகுதியை 1232இல் மங்கோலியப் படை எரித்துவிட்டது. அரசவை கங்ஹ்வா தீவுக்கு ஓடி ஒளிந்திருந்த காலம். நாடு கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது, 1236இல் அவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செதுக்கத் தொடங்கினார்கள், 1251இல் முடித்தார்கள். சுகி என்ற துறவி பல பாடங்களை ஒப்பிட்டுப் பிழை திருத்தினார். அதனால் எரிந்ததைவிடத் திருத்தமான பாடம் கிடைத்தது. அப்படியானால் எது ஒரிஜினல்?

இன்னொன்றும் நடந்தது. 1951, கொரியப் போர். மலையில் பதுங்கியிருந்த வடகொரியப் போராளிகள்மேல் குண்டு போட உத்தரவு. விமானப் படை அதிகாரி கிம் யங்-ஹ்வான் ஹேஇன்சாமேல் போட மறுத்துவிட்டார். இதை யோசித்தபடியே நான் அந்தச் சன்னலடியில் நின்றேன். பலகைகளில் இருக்கும் எழுத்துகள் அதற்குமுன்பே, 1920களிலும் 30களிலும், டோக்கியோவில் அச்சேறிவிட்டன. பலகைகள் எரிந்திருந்தாலும் சொல் பிழைத்திருக்கும். சொல்தான் முக்கியம் என்றால் அவர் குண்டைப் போட்டிருக்கலாம். மறுத்தார். அவர் காப்பாற்றியது எழுத்தை அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடுத்தவன் கை தன்னிடம் சேர்ப்பித்துவிட்டுப் போன ஒன்றை, தன் கையால் அழிக்கமாட்டேன் என்றார்.

மாலையில் துறவி ஒருவருடன் தேநீர். மகள் மொழிபெயர்க்க, என் அம்மாவின் மாலையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மேலே இருக்கும் பலகைகளிலும் பின்னாளில் செதுக்கிச் சேர்த்தவை உண்டு என்றார். பார்த்தால் தெரியுமா என்றேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்றார். பிறகு, "உங்கள் அம்மாவின் மாலையில் நூலை யார் மாற்றுவார்கள்?" என்று கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மாதான் மாற்றுவாள். வருஷத்துக்கு ஒருதடவை முற்றத்தில் உட்கார்ந்து, மணிகளைச் சுளகில் கொட்டி, எண்ணெய் தடவி, புதுநூலில் கோப்பாள். விரிசல் விட்ட மணியை எடுத்துவிட்டு வேறு வாங்கிப் போடுவாள். எடுத்ததைத் தூர எறியமாட்டாள். குங்குமம் வைக்கிற பழைய பித்தளைச் சிமிழில் போட்டுவைப்பாள். தாத்தா காசியிலிருந்து கொண்டுவந்த மணிகளில் எத்தனை, அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் போனபோது மிச்சம் இருந்ததோ. அது தாத்தாவின் மாலையாகவும் இருந்தது, அம்மாவின் மாலையாகவும் இருந்தது. கோயில் திருப்பணி நடக்கும்போது சாமியைக் குடத்து நீரில் எழுந்தருளச் செய்து, வேலை முடிந்ததும் குடமுழுக்காட்டித் திரும்ப மூலவரிடம் சேர்க்கிறோம். ஒருவரும் அதைப் புதுச்சாமி என்று சொல்வதில்லை.

பொருள்தானே என்றவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். வாசல் எரிந்தால் அழத்தான் வேண்டும். ஆனால் மாலை தொலைந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நான்கு வருஷமாக மணி தொடாமல் இருந்தேனே, அது அம்மா கற்றுக்கொடுத்தது இல்லை. அவள் கற்றுக்கொடுத்தது நூல் மாற்றுவது.

சியோலுக்குத் திரும்பும் ரயிலில் என் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மணிகள் மடியிலும் இருக்கைக்கு அடியிலும் உருண்டன. பேரன் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினான். எண்ணினோம். எல்லாம் இருந்தன. கைக்குட்டையில் கட்டி, மறுநாள் அந்தப் பழைய கடைக்கே கொண்டுபோனேன். கடைக்கார அம்மாள் மணிகளை ஒரு பீங்கான் கிண்ணத்தில் கொட்டினாள். நின்று விழுந்து கோத்த எழுபத்து இரண்டும், உட்கார்ந்து கோத்த முப்பத்து ஆறும் கலந்துவிட்டன. என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் எச்சில் பட்ட நூலை அவள் கத்தரித்து ஓரமாக வைத்தாள். உறுதியான பழுப்பு நூல் ஒன்றை எடுத்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி கோக்க ஆரம்பித்தாள். எண்ணிக்கையோ மந்திரமோ, நான் கேட்கவில்லை.

கடைசியாகப் பெரிய மணியை எடுத்துக் காட்டி மகளிடம் என்னவோ சொன்னாள்.

"இதுக்குத் தாய் மணின்னு பேராம்மா. மாலை இதுலதான் முடியுமாம். இறுக்கி முடிச்சுப் போட்டு நுனியைச் சுட்டுடட்டுமான்னு கேக்கறாங்க."

ஊரில், என் அலமாரியின் மேல்தட்டில், அந்தப் பித்தளைச் சிமிழ் இருக்கிறது.

"வேண்டாம்" என்றேன். "ஒரு விரற்கடை நூல் மிச்சம் விட்டு, வீட்டுல போய் நானே அவுக்கற மாதிரி போடச் சொல்லு."